அசோவ் கடலின் உப்புக் கணக்கு: ஆழமில்லாத நீரிணைக்கு முதல் மாதிரி செய்வது எப்படி

இரண்டு கடல்கள். நடுவில் குறுகலான, ஆழமில்லாத ஒரு நீரிணை. ஒரு பக்கம் உப்பு அதிகம், மறுபக்கம் குறைவு. வருடத்துக்கு எவ்வளவு உப்பு எந்தப் பக்கம் போகிறது? ஆற்றில் அணை கட்டித் தண்ணீரைக் குறைத்தால் பத்து வருடத்தில் அந்தக் கடல் என்ன ஆகும்? இதற்கெல்லாம் பெரிய கணினியும் முப்பரிமாண மென்பொருளும் வேண்டும் என்று நினைத்துப் பலர் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். முதல் மாதிரிக்கு ஒரு எக்செல் தாள் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ரோம்ஸ், நீமோ போன்ற பெரிய கடல் கணினி மாதிரிகளுக்குப் பிறகு போகலாம். ஆனால் கையால் போட்ட கணக்கு ஒன்று பக்கத்தில் இல்லாமல் அவற்றை ஓட்டினால், திரையில் வரும் வண்ணப்படம் சரியா தப்பா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. அதனால் இந்தச் சின்ன மாதிரியை நான் பயிற்சியாகப் பார்ப்பதில்லை. கடைசி வரை கூட வைத்துக்கொள்ள வேண்டிய கருவி இது.

எந்தக் கடல்?

பழகுவதற்கு அசோவ் கடலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கருங்கடலின் வடகிழக்கு மூலையில், உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருக்கிறது. பரப்பு சுமார் 39,000 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 7 மீட்டர்தான். மிக ஆழமான இடத்திலும் 14 மீட்டர் அளவுதான். மொத்தக் கொள்ளளவு சுமார் 290 கன கிலோமீட்டர். டான், கூபான் என்ற இரண்டு பெரிய ஆறுகள் இதில் விழுகின்றன. கருங்கடலுக்குப் போக ஒரே வாசல் கெர்ச் நீரிணை. அதன் நீளம் 40 கிலோமீட்டர் அளவு. குறுகலான இடத்தில் அகலம் 3 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். வெட்டி ஆழப்படுத்திய கப்பல் கால்வாயை விட்டுவிட்டால், அந்தப் பகுதியில் ஆழம் 5, 6 மீட்டர்.

இதைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள். ஒரே வாசல் என்பதால் கணக்கு மூடிவிடும். ஆழமில்லாததால் காற்று மேலும் கீழும் கலக்கிவிடும். கடல் முழுவதையும் ஒரே பெட்டியாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் முக்கியம்: 1952-இல் டான் ஆற்றில் சிம்லியான்ஸ்க் அணை வந்த பிறகு இந்தக் கடலின் உப்பு உண்மையிலேயே மாறியது. அதனால் நம் மாதிரியை நடந்த வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

உப்பைத் தொடுவதற்கு முன் தண்ணீரைச் சமன் செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீர்க் கணக்கில் இருக்கும் பிழை, உப்புக் கணக்கில் ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலத் தெரியும்.

உருட்டிய எண்களாக எடுத்துக்கொள்வோம். அணைகளுக்குப் பிந்தைய காலத்தில் ஆறுகள் கொண்டுவருவது வருடத்துக்கு சுமார் 38 கன கி.மீ., மழை 15, ஆவியாதல் 35. ஆக 38 + 15 − 35 = 18. இந்த 18 கன கி.மீ. நன்னீர் மிச்சம். கடல் மட்டம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகவில்லை என்பதால், இந்த மிச்சம் கெர்ச் வழியாக வெளியே போயாக வேண்டும்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிறார்கள். 18 வெளியே போகிறது என்றால், நீரிணையில் ஓடுவது 18 மட்டும்தான் என்று எழுதிவிடுவார்கள். அப்படி இருந்தால் உப்பு வெளியே மட்டும் போய்க்கொண்டிருக்கும், உள்ளே வராது. சில பத்தாண்டுகளில் அசோவ் நன்னீர் ஏரியாகிவிடும். உண்மையில் அது ஏரியாகவில்லை. கருங்கடல் நீர் உள்ளே வருகிறது, அசோவ் நீர் அதைவிட 18 அதிகமாக வெளியே போகிறது. நிகர ஓட்டம் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. உப்பைத் தீர்மானிப்பது போக்கும் வரவும் தனித்தனியாக. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள்.

அப்புறம் உப்பு

உப்புத்தன்மை 17.5 என்றால் ஒரு கிலோ கடல் நீரில் 17.5 கிராம் உப்பு. ஒரு கன கி.மீ. நீர் கிட்டத்தட்ட 100 கோடி டன். ஆகவே உப்புத்தன்மை 1 உள்ள ஒரு கன கி.மீ. நீரில் 10 லட்சம் டன் உப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் அலகு மாற்றும் தொல்லையே இல்லை: கன கி.மீ.-ஐ உப்புத்தன்மையால் பெருக்குங்கள், வருவது பத்து லட்சம் டன்களில்.

மழையும் ஆவியும் உப்பைத் தூக்கிச் செல்வதில்லை. ஆற்று நீரில் கொஞ்சம் உண்டு. முதல் மாதிரியில் அதைப் பூஜ்யம் என்று வைக்கலாம். கடலின் உப்பு மாறாமல் நிற்கிற நிலையில், உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமம்:

வரும் நீர் × கருங்கடல் உப்புத்தன்மை = போகும் நீர் × அசோவ் உப்புத்தன்மை

இதோடு 'போகும் நீர் = வரும் நீர் + 18' என்பதையும் சேர்த்தால் இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். தீர்ந்தது. டென்மார்க்கின் மார்ட்டின் க்னூட்சன் 1900-இல் பால்டிக் கடலுக்காக எழுதிய உறவு இதுதான். இன்றும் நீரிணை ஆய்வில் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

கெர்ச்சுக்கு வெளியே உப்புத்தன்மை 17.5 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வருவது வருடத்துக்கு 37 கன கி.மீ. என்றால் வெளியே போவது 55. அசோவின் உப்புத்தன்மை 17.5 × 37 ÷ 55 = 11.77. அந்தக் கடலில் அளந்து கிடைத்த எண்களோடு இது நன்றாகப் பொருந்துகிறது. வருடத்துக்கு 64.75 கோடி டன் உப்பு உள்ளே வந்து அவ்வளவும் வெளியே போகிறது. கடலில் மொத்தம் இருப்பதோ சுமார் 341 கோடி டன். அதாவது ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை கடலின் உப்பு முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது.

இதையே திருப்பிப் போட்டால், உப்பை அளந்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். வரும் நீர் = 18 × அசோவ் உப்பு ÷ (கருங்கடல் உப்பு − அசோவ் உப்பு). அசோவ் உப்பு 11 என்று அளந்தால் 30.5 கன கி.மீ. கிடைக்கும், 11.5 என்றால் 34.5, 12 என்றால் 39.3. அரை அலகு மாறினால் பதில் நாலைந்து கன கி.மீ. குதிக்கிறது. இரண்டு பக்க உப்பும் நெருங்க நெருங்க இந்தக் குதிப்பு பெரிதாகும். எனவே உங்கள் பதிலை ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று சொல்லுங்கள்.

காலத்தை ஓடவிடுதல்

இப்போது எக்செல் தாளைத் திறவுங்கள். முதல் நெடுவரிசையில் ஆண்டு. இரண்டாவதில் ஆற்று நீர். மூன்றாவதில் நிகர நன்னீர். நான்காவதில் வரும் நீர், ஐந்தாவதில் போகும் நீர், ஆறாவதில் உப்புத்தன்மை. அடுத்த வருட உப்புத்தன்மைக்கான விதி:

புதியது = பழையது + (வரும் நீர் × 17.5 − போகும் நீர் × பழையது) ÷ 290

ஒரு சோதனை செய்வோம். 11.77-இல் கடல் நிலையாக இருக்கிறது. திடீரென்று ஆற்று நீர் வருடத்துக்கு 10 கன கி.மீ. குறைகிறது. நிகர நன்னீர் 8, போகும் நீர் 45. முதல் வருடம்: 37 × 17.5 = 647.5, 45 × 11.77 = 529.65, வித்தியாசம் 117.85, அதை 290-ஆல் வகுத்தால் 0.41. புதிய உப்புத்தன்மை 12.18. அடுத்த வருடம் 12.52, பிறகு 12.81, 13.06, 13.26. பத்தாம் வருடத்தில் 13.9. கடைசியில் போய் நிற்கும் இடம் 14.39.

இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அணைக்கு முன் அசோவின் சராசரி உப்புத்தன்மை 10-க்கும் 11-க்கும் இடையில் இருந்தது. அணைகளும் பாசனமும் வந்து, வறண்ட வருடங்களும் சேர்ந்துகொள்ள, 1976-இல் 14-ஐ நெருங்கியது. பிறகு மழை நல்ல வருடங்கள் வந்து இறங்கியது. 2007-க்குப் பிறகு டானில் நீர் குறைந்து மறுபடி ஏறியது. ஒரே ஒரு பெட்டி, நான்கு எண்கள். ஆனாலும் மாற்றத்தின் திசை, அளவு, அதற்கு ஆகும் காலம் மூன்றும் கிட்டத்தட்டச் சரியாக வருகின்றன. இந்த ஏற்றம் வெறும் எண்ணும் அல்ல. டான் முகத்தில் இருக்கும் தகன்ரோக் வளைகுடாவின் குறைந்த உப்பு நீரை நம்பி வளர்ந்த மீன்கள் உண்டு. உப்பு ஏறினால் அவற்றின் குஞ்சுகளுக்கான இடம் சுருங்குகிறது. கருங்கடல் ஜெல்லி மீன்கள் உள்ளே வருகின்றன.

இங்கே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆறு குறைந்தாலும் உள்ளே வரும் நீர் அதே 37 என்று வைத்தோம். நீர் குறைந்தால் கருங்கடல் நீர் இன்னும் எளிதாக உள்ளே வரலாம். குறைந்த 10-ஐ இரண்டு பக்கமும் பாதியாகப் பிரித்து, வருவது 42, போவது 50 என்று போடுங்கள்: முடிவு 14.7. பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு அனுமானத்தையும் இப்படி ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

உண்மையான வரலாற்றோடு ஒப்பிட, இரண்டாவது நெடுவரிசையில் அந்தந்த வருட ஆற்று நீரை நிரப்ப வேண்டும். ஒப்பிடும் அளவீடு எந்த நிலையத்தில் எடுத்தது என்றும் பாருங்கள். டான் முகத்தில் நீர் கிட்டத்தட்ட நன்னீர். மேற்கே சிவாஷ் உப்பங்கழிகளில் மிகக் கடுமையான உப்பு. நம் பெட்டி சொல்வது கடல் முழுவதற்குமான சராசரி.

நீரிணை ஒரு குழாய் அல்ல

இதுவரை நீரிணையை ஒரு கோடாக வைத்தோம். இனி அதற்குள் போவோம். ஆழமில்லாத நீரிணையின் குணமே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணை ஆழமானது. மேலே கருங்கடல் நீர் வெளியே போக, அடியில் மத்தியதரைக் கடலின் கனமான நீர் அதே நேரத்தில் உள்ளே வரும். இத்தாலியரான லூயிஜி மார்சிலி 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த அடியோட்டத்தைக் காட்டினார். வருடத்துக்கு சுமார் 600 கன கி.மீ. வெளியே, 300 உள்ளே. உப்புத்தன்மை ஏறத்தாழ 17.5-உம் 35-உம். பெருக்கிப் பாருங்கள், சமன் ஆகிறது. கெர்ச்சில் அப்படிப்பட்ட இரண்டு அடுக்கு நிலைத்து நிற்பது கடினம். வடகிழக்குக் காற்று அடித்தால் மேலிருந்து அடிவரை மொத்த நீரும் வெளியே; தெற்குக் காற்று அடித்தால் மொத்தமும் உள்ளே.

ஒரு காற்று நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் வடகிழக்குக் காற்றில் 1 கன கி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. அசோவ் மட்டம் வெறும் 2.6 சென்டிமீட்டர் இறங்கும். வினாடிக்கு சுமார் 5,800 கன மீட்டர், 3 கி.மீ. அகலமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள இடத்தில் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். பெரிய புயல் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு நாளில் காற்று திரும்புகிறது, 1 கன கி.மீ. உள்ளே வருகிறது. தண்ணீர்க் கணக்கில் மாற்றம் பூஜ்யம். உப்புக் கணக்கில் எவ்வளவு?

நீரிணையே 4.5 கன கி.மீ. அளவுக்கு நீர் பிடிக்கும். வெளியே போன அசோவ் நீர் நீரிணையைத் தாண்டவே இல்லை, கலக்கவும் இல்லை என்றால், அதே நீர்தான் திரும்பி வந்தது. உள்ளே வந்த உப்பு பூஜ்யம். போர்வையை முகம் வரை இழுத்து மூடிக்கொண்டு மூச்சு விடுவது மாதிரி: விட்ட காற்றையே மறுபடி இழுக்கிறோம். மாறாக, நீரிணை இல்லாதது போலக் கணக்கிட்டால், 12 போய் 17.5 வந்தது: 55 லட்சம் டன் லாபம். நடுவே, நீரிணையை நன்கு கலந்த ஒரு பெட்டியாக, தொடக்க உப்பு 15 என்று வைத்தால்: 12 உள்ள நீர் 1 கன கி.மீ. நுழைந்து, 15 உள்ள நீர் 1 கன கி.மீ. வெளியேற, பெட்டி 14.33-க்கு இறங்கும். திரும்பும்போது அசோவுக்குக் கிடைப்பது அந்த 14.33 நீர். லாபம் 23 லட்சம் டன்.

ஒரே காற்று, ஒரே நீர் அளவு. பதில் மட்டும் 0, 23 அல்லது 55. எல்லாம் நீரிணைக்குள் நடக்கும் கலப்பைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஓட்ட மீட்டரை வைத்து வந்த நீர், போன நீர் எல்லாவற்றையும் கூட்டி 'பரிமாற்றம்' என்று எழுதுவது அதனால்தான் தவறாகிறது. நம் 37 என்பது மீட்டர் காட்டும் கூட்டுத்தொகை அல்ல, உப்பை உண்மையில் மாற்றிய பயனுள்ள பரிமாற்றம்.

செய்முறை இதுதான். நீரிணையை நீளவாக்கில் நாலைந்து பெட்டிகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு நாளும் காற்றின் திசையை வைத்து ஓட்டத்தின் அளவும் திசையும் கொடுங்கள். நீர் எந்தப் பெட்டியிலிருந்து கிளம்புகிறதோ அந்தப் பெட்டியின் உப்புத்தன்மையைச் சுமந்து போகட்டும். பெட்டிகள் குறைவாக இருந்தால் கலப்பு அதிகமாக வரும், இப்போதுதான் பார்த்தோம். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, முடிவு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பிறகு பக்கத்துப் பெட்டிகளுக்கிடையே ஒரு கலப்பு எண்ணைச் சேர்த்து, வருட மொத்தம் அந்த 37-ஐ ஒட்டி வரும்வரை அதை மட்டும் திருத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு எண்களைத் திருத்தாதீர்கள்.

நாள் கணக்குக்கு மாறும்போது இரண்டு விஷயம். ஒன்று, கொள்ளளவு மாறும். அதனால் உப்புத்தன்மையை நேரடியாக வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பெட்டிக்கும் நீர் அளவையும் உப்பு எடையையும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தன்மையை வகுத்து எடுங்கள். மழை பெய்தால் நீர் கூடும், உப்பு கூடாது. எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இன்னொன்று, காலப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் உள்ள கால இடைவெளி. ஒரு படியில் பெட்டி வழியே ஓடும் நீர், அந்தப் பெட்டியின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. 290 கன கி.மீ. அசோவுக்கு வருடப் படி போதும். 4.5 கன கி.மீ. நீரிணைக்கு வருடம் 55 ஓடினால் பெட்டி பன்னிரண்டு தடவை காலியாகிறது. வருடப் படி வைத்தால் எண்கள் எதிர்மறைக்கும் ஆயிரத்துக்கும் தாவும். நீரிணையை ஐந்தாக வெட்டினால் ஒவ்வொன்றும் 0.9 கன கி.மீ.தான், மேலே சொன்ன காற்றுக்கு நாளுக்கு 0.5 ஓடும். ஒரு நாள் படி தாங்கும், ஆனால் நெருக்கத்தில். ஆறு மணி நேரப் படி வைத்தால் நிம்மதி.

நம்புவதற்கு முன்

நிகர நன்னீரைப் பூஜ்யமாக்கி நூறு வருடம் ஓட்டுங்கள்: அசோவ் 17.5-க்கு வந்து நிற்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் 17.5-இல் தொடங்கினால் எண் அசையவே கூடாது. ஆறுகளை முழுக்க நிறுத்துங்கள்: ஆவியாதல் மழையை மிஞ்சுவதால் அசோவ் கருங்கடலைவிட உப்பாக வேண்டும். 37-ஐ மாற்றாமல் விட்டால் கணக்கு 38 என்று காட்டும். அந்த எண்ணை நம்ப வேண்டாம், திசை சரியா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: தொடக்க உப்பு + மொத்தமாக வந்தது − மொத்தமாகப் போனது = கடைசி உப்பு. எக்செல்லின் கடைசித் தசம இடம் வரை இது பொருந்த வேண்டும். டன் கணக்கில் வித்தியாசம் வந்தால் மாதிரியில் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் ஒரு பெட்டியிலிருந்து கழிக்கும்போது பழைய உப்புத்தன்மையையும், அடுத்ததில் கூட்டும்போது புதியதையும் எடுத்திருப்போம். அதைச் சரிசெய்யாமல் ஒரு வரைபடம்கூட வரையாதீர்கள்.

வேறு கடலுக்கு எடுத்துப் போகும்போது

கருங்கடல் முழுவதற்கும் இதே தாளைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரே பெட்டியாக அல்ல. அதன் கொள்ளளவு ஐந்து லட்சம் கன கி.மீ.-ஐத் தாண்டும், பாஸ்பரஸ் வழியே போகும் 600-ஆல் வகுத்தால், நீர் முழுவதும் மாற ஏறத்தாழ 900 வருடம். மேல் நீர் 18, ஆழ்நீர் 22-க்கு மேல், இரண்டும் எளிதில் கலப்பதில்லை. குறைந்தது இரண்டு அடுக்குப் பெட்டி வேண்டும்.

நம்மவர்களில் பலருக்குப் பாக் நீரிணை மீது கை வைக்க ஆசை வரும். வரட்டும், ஆனால் க்னூட்சன் உறவை அங்கே அப்படியே போட முடியாது. பாக் விரிகுடாவுக்கு வடக்கே ஒரு வாசல், தெற்கே பாம்பன் கால்வாயும் ஆதம் பாலத்துத் திட்டுகளுக்கிடையே உள்ள வழிகளும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் வடக்கே நுழைந்து தெற்கே வெளியேற முடியும். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. வடக்கே வரவு, போக்கு. தெற்கே வரவு, போக்கு: தெரியாத எண்கள் நான்கு, சமன்பாடுகள் இரண்டு. ஏதாவது ஒரு வாசலிலாவது இரு பக்க நீரோட்டத்தையும் உப்போடு சேர்த்து, பருவம் மாறும் வரை தொடர்ந்து அளந்தால்தான் கணக்கு மூடும். அந்த அளவீடு கையில் வரும்வரை கெர்ச் தாளில் பழகுங்கள். அடுத்த வேலையாக நீரிணைக்கு வெளியே கருங்கடல் ஓரத்தில் ஒரு பெட்டி சேர்த்து, அந்த 17.5 உண்மையில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.